பீரோவில் இருந்த கோடி

ஜாக்கெட் என்றால் தர்மபுரிப் பக்கத்து இண்டூரில் கலைமதிதான். கை இறுக்கம், கழுத்து இறக்கம், எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள். ஆனால் அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது, தெரிந்த பாதிப் பேர் தலையில் அடித்துக்கொள்வார்கள். அறுபது எழுபது வருசத்துக்கு முன்னால் வெள்ளைக்காரிகள் ராத்திரி விருந்துக்குப் போட்டுக்கொண்டு போன பட்டுக் கவுன்கள் இருக்கின்றனவே, அவைதான் அந்தப் பைத்தியம்.

கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் டெய்லராக இருந்தாள். ஒரு நாள் மாடலுக்காக ஒரு பழைய கவுனைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார்கள். எல்லாரும் வெளிப்பக்கத்தைப் பார்த்தார்கள். இவள் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். போச்சு! உள்ளே ஒவ்வொரு ஓரமும் கையால் சுற்றித் தைத்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி அவ்வளவு சின்னத் தையல். “யாரும் பாக்காத இடத்துக்கு எதுக்குடி இத்தனை பாடு?” என்று பக்கத்து மெஷின் மணிமேகலை சிரித்தாள். “போட்டுக்கிறவளுக்குத் தெரியுமில்ல” என்றாள் கலைமதி. அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை.

இப்போது அந்தப் பித்துக்குத் தீனி போடுவது குப்புராஜ். அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் அவர் கடை. வெளிநாட்டுப் பழந்துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஸ்வெட்டரும் கோட்டும் சூடாக விற்றுப்போகும். கவுன் வந்தால், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ராணி வேஷம் கட்ட யாராவது கேட்பார்கள் என்று எடுத்து வைப்பார். அதற்கு முன்னால் கலைமதிக்கு ஒரு போன் போடுவார். ஜிப்பைப் பார்த்தே இவள் காலம் சொல்லிவிடுவாள். இடுப்பின் பக்கவாட்டில் இரும்பு ஜிப் என்றால் ஐம்பதுகள், முதுகில் நைலான் ஜிப் என்றால் அதற்கு ரொம்பப் பின்னால். “நீ டெய்லரா, இல்ல ஜோசியக்காரியாம்மா?” என்பார் அவர்.

அப்படிச் சேர்ந்தவை ஐந்து. துவைத்த வேட்டியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தாள். ஒன்றையும் அவள் போட்டதில்லை. போடுவதாவது! கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் தொடவே தொடுவாள். புருசன் அன்பு ஓசூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வருவான், கண்டுகொள்ள மாட்டான்.

போன ஆடியில் வந்தது ஆறாவது. தேங்காய்ப்பால் நிறத்தில் பட்டு. ஒரு மணி கிடையாது, ஒரு பூ கிடையாது. துணியைக் குறுக்காகப் போட்டு வெட்டியிருந்தார்கள், தூக்கிப் பிடித்தால் தண்ணீராக இறங்கியது. உள்ளே இடுப்பில் ஒரு ரிப்பன், அதற்குக் கொக்கி. ரிப்பனின் ஓரத்தில் மையால் எழுதிய ஒரு நம்பர். கலைமதிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம்பர் போட்டிருந்தால் அது கடையில் தொங்கிய கவுன் இல்லை. ஒரே ஒருத்தியை நிற்க வைத்து, அளவெடுத்து, அவள் உடம்புக்கென்று தைத்தது.

அன்று மத்தியானம் மணிமேகலைக்குப் போன் போட்டாள். சந்தோசம் தாங்காமல் சத்தமாகவே பேசினாள்.

“கோடியில ஒண்ணு மணி! பீரோவுல பத்திரமா வெச்சிருக்கேன். நேரம் வரும், அப்ப எடுத்துக் காட்டுறேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் ராமக்காள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். புருசனை இழந்து பத்து வருசம். மாடு, கொல்லை, பால் சொசைட்டி என்று ஒத்தை ஆளாக இழுத்துக்கட்டிய பொம்பளை. வாயைத் திறந்தால் தெரு அடங்கும். அவள் காதில் போனில் பேசியது முழுசாக விழவில்லை. விழுந்தது மூன்றே மூன்று: கோடி, பீரோவுல வெச்சிருக்கேன், நேரம் வரும்.

எங்கள் பக்கம் கோடி என்றால் செத்தவர்மேல் போர்த்துகிற புதுத்துணி. அதைப் பொறந்த வூட்டுக்காரர்கள்தான் எடுத்து வரவேண்டும். அதுவும் சாவு விழுந்த பிறகு. உயிரோடு இருக்கிறவளுக்கு மருமகள் முன்கூட்டியே எடுத்து வைப்பது எங்காவது உண்டா?

மாமியார் காதில் இப்படி விழுந்தது கலைமதிக்குத் தெரியாது. காய்ச்சல் நான்கு நாளில் இறங்கியது. ஆனால் மாமியார் எழுந்திருக்கவில்லை. களி உருண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். தர்மபுரியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, “ஒண்ணுமில்ல, சாப்பிட்டாலே சரியாயிடும்” என்றார். வீடு வந்த மறுநாளே ராமக்காள் கறவை மாட்டை அவிழ்த்துப் பக்கத்து வீட்டு நஞ்சம்மாளிடம் கொடுத்துவிட்டாள். மூக்குத்தியைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். திட்டுவதை நிறுத்தினாள். அந்த வாய் ஓய்ந்ததும் வீட்டில் காற்றே நின்றுபோன மாதிரி இருந்தது. கலைமதி கஞ்சியோடு போய் நின்றால், சுவரைப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

“என்னைக்குன்னு நெனச்சிருக்கம்மா?”

“எது அத்தை?”

போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். கலைமதிக்கு மாமியார் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது, ஏன் என்றுதான் தெரியவில்லை.

பத்தாம் நாள் காலை பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ராமக்காளின் தம்பி பச்சியப்பன் கலைமதியின் செல்லுக்குப் போன் செய்தார். அப்போது கலைமதி நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

“ஏம்மா, எங்கக்கா என்னென்னவோ பேசுது. நீ கோடி எடுத்துக்கிட்டு வர வேணாம்டா, எம்மருமக ஏற்கெனவே எடுத்து பீரோவுல வெச்சிருக்கான்னு சொல்லுது. என்ன நடக்குதுங்க அந்த வூட்டுல?”

அன்றைக்குப் போனில் கத்திய ‘கோடியில ஒண்ணு’ நினைவுக்கு வந்தது, கலைமதிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. நூலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று ஓடினாள்.

பீரோ திறந்து கிடந்தது. கட்டிலில் ராமக்காள் அந்த வெள்ளைப் பட்டைத் தாடை வரைக்கும் போர்த்திக்கொண்டு, கையைக் கட்டிக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

“அத்தை! ஐயோ, இது கோடி இல்லீங்க! கவுனு, பழைய கவுனு!”

ராமக்காள் கண்ணைத் திறந்தாள். “பழசா? யாரு கட்டுனது?”

“யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா.”

“உசுரோட இருக்குதா?”

எழுபது வருசத்துக் கவுன். பாவி மகளுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

“செத்தவ துணியவா எனக்கு எடுத்து வெச்ச?” என்றாள் ராமக்காள். கோபமே இல்லாமல் கேட்டாள். அதுதான் கலைமதியைக் கொன்றது.

கவுனைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். கோடியை உயிரோடு இருக்கிறவள் உடுத்த மாட்டாள் அல்லவா? நானே போட்டுக் காட்டுகிறேன், அப்போதாவது நம்பட்டும் என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான். யோசனைதான் கெட்டது. இத்தனை வருசம் கை கழுவாமல் தொடாதவள், வேர்வை உடம்போடு அதைத் தலைவழியே இறக்கினாள். ஜிப்பை இழுத்தாள். மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். தேவைப்படவில்லை. இடுப்புக் கொக்கி தானாக வந்து மாட்டிக்கொண்டது. தோள், மார்பு, கால் நீளம், எங்கேயும் ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரே ஒருத்தியை நிற்க வைத்துத் தைத்த துணி. டெய்லருக்கு அது தெரியாதா?

அப்படியே போய் மாமியார் அறை வாசற்படியில் நின்றாள். “பாருங்க அத்தை. போட்டுக்கிற துணி.”

ராமக்காள் எழுந்து உட்கார்ந்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“உனக்குன்னே அளவெடுத்தாப்புல இருக்குதே” என்றாள். பிறகு இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டாள். “ஐயோ கண்ணு! எனக்கு வந்ததை நீ வாங்கிக்கிட்டியே!”

அன்று மத்தியானமே ராமக்காள் களி சாப்பிட்டாள், இரண்டு உருண்டை. மறுநாள் நஞ்சம்மாளிடமிருந்து மாட்டை ஓட்டி வந்தாள். மூக்குத்தி மூக்குக்குத் திரும்பியது. வார லீவுக்கு வந்த அன்பு நடந்ததைக் கேட்டுச் சிரித்தான். கலைமதியும் சிரித்துப் பார்த்தாள்.

ஆனால் அத்தை திட்டவில்லை. அதுதான் பயம். வாய்க்கு வாய் வைதவள் இப்போது கண்ணு, சாமி என்கிறாள். கோழி அடித்தால் ஈரலை எடுத்து மருமகள் தட்டில் வைக்கிறாள். மெஷினில் உட்கார்ந்தால், “போதும், படுத்துக்கோ” என்று விளக்கை அணைக்கிறாள். தெருவில் என்ன சொன்னாளோ, ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்கள் கலைமதியின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆவணி பிறந்ததும் கலைமதிக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. மழைக் காய்ச்சல்தான், எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பீரோவை மட்டும் அவள் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் ராமக்காள் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து அவள் தலையைக் கோதினாள்.

“கண்ணு, உங்கண்ணன் போன் நம்பரக் கொஞ்சம் குடு.”

“எதுக்குங்க அத்தை?”

“பொறந்த வூடுதானே எடுத்தாரணும்” என்றாள் ராமக்காள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பழசு வேணாம்மா. புதுசா, நல்லதா எடுக்கச் சொல்றேன்.”