மேகவாடிப் பட்டாளம்

எங்கள் அக்கா ஒரு பட்டாளம் நடத்தினாள் என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். நான் அதில் கொடி பிடித்தவள். அதனால் எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. றொசல்ல ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்று எங்களுடையது. எங்களுடையது என்று வாய்தான் சொல்கிறது. அங்கே பிறந்தோம், அவ்வளவுதான். அப்பா கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அம்மா கொழுந்து எடுத்தாள். லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்திய காம்பரா எங்களுக்கு. ஒரே அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், பின்னால் சமைப்பதற்கு அப்பா தகரம் அடித்துக் கட்டிய குசினி.

அக்கா பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். பரீட்சை எழுதிய பிள்ளை என்று அவளுக்கு வீட்டில் தனி மரியாதை. தண்ணீர் எடுக்கிற வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. பாஸ் பண்ணி, ஹட்டனில் உயர்தரம் படித்து, வரலாறு சொல்லிக்கொடுக்கிற டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்திருந்தாள். ரோமாபுரிப் பட்டாளத்தைப் பற்றியது. அதைப் படித்துப் படித்துத்தான் அவளுக்குப் பைத்தியம் பிடித்தது.

ரோமாபுரி எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் அக்கா எங்களுக்கென்று ஒரு நாட்டை உண்டாக்கினாள். எங்கள் லயத்துக்கு நேர் எதிரே, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு மலை உண்டு. மூட்டம் கலைகிற நேரத்தில் மட்டும் தெரியும், பிறகு காணாமல் போய்விடும். அதற்கு மேகவாடி என்று பெயர் வைத்தாள். அங்கே சிறுத்தைகள் பேசும். மரங்கள் இரவில் இடம் மாறி நிற்கும். அந்த நாட்டைப் பிடித்து வைத்திருப்பவன் ரத்தம் குடிக்கிற அட்டை ராஜா. ரயிலைவிட நீளமானவன், வாலுக்கும் தலைக்கும் வித்தியாசம் இல்லாதவன். மழைக்காலத்தில் கொழுந்து மலையிலிருந்து அம்மாமார் காலில் ரத்தம் ஒழுக இறங்கி வருவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அட்டையை எதிரியாக ஏற்றுக்கொள்வதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

பட்டாளத்தை அமைப்பது என்ன லேசுப்பட்ட காரியமா! எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம், அப்படிப் பத்துக் கூடாரம் சேர்ந்தால் ஒரு படை, அதற்கு ஒரு தலைவன் என்று புத்தகத்தில் இருந்தது. இரண்டு லயத்துப் பிள்ளைகளையும் திரட்டினாலும் எங்களால் இரண்டு கூடாரத்தை நிரப்ப முடியவில்லை. இருந்தும் தலைவன் பதவிக்கு அடிதடி. பக்கத்துக் காம்பராப் பையன், "அதுக்கு கங்காணின்னு பேரு வைங்களேன் அக்கா, நான் இருக்கேன்" என்றான். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"மேகவாடியில கங்காணியும் கெடையாது, தொரையும் கெடையாது. தெரிஞ்சுதா?"

தலையை ஆட்டினோம். ஆனால் மறுநாள் காலையில் அவள் பால்மா டின்னைத் தட்டி எங்களைக் கூப்பிட்டபோது நாங்கள் நின்ற நிலை இருக்கிறதே! பெண் பிள்ளைகள் ஒரு பக்கம், ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. காலையில் வேலை பிரித்துக்கொடுக்கிற பெரட்டுக்களத்தில் எங்கள் அம்மாமார் எப்படி நிற்பார்களோ அப்படி. வரிசை என்றால் அது ஒன்றைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். தாமதமாக ஓடி வந்த ஒரு பொடியன் மூச்சு வாங்க, "அக்கா, வெரட்டிறாதீங்க, அரைப் பேராவது போடுங்க" என்றான். கொழுந்து நிறை குறைந்த நாளில் அவன் அம்மாவுக்குப் போடுவது அரைப் பேர், அதாவது பாதி நாள் வேலை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வாரம் முழுக்க, கட்டிய கையைப் பிரிக்கவும் தலையை நிமிர்த்தவும்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கும்படியான பட்டாளமாகத்தான் இருந்தோம். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கட்டும் படங்கைத் தடியில் கட்டிக் கேடயமாக்கினோம். எல்லாக் கேடயத்தையும் தலைக்கு மேல் சேர்த்துப் பிடித்து ஆமை ஓட்டுக்குள் இருப்பதுபோல நடந்தோம். மழை எங்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை என்று இன்றும் சாதிப்பேன். உப்புப் பட்டால் அட்டை சுருண்டு விழும், அதனால் சண்டைக்கு ஆயுதம் உப்பு. வீட்டு உப்பெல்லாம் காணாமல் போய், ஆளுக்கு இரண்டு அடி வாங்கினோம். கொடியில் கழுகு இருக்க வேண்டும் என்றாள் அக்கா. உரச்சாக்கில் கழுகை வரைந்தது நான். பார்த்தவர்கள் எல்லோரும் கோழி என்றார்கள், அவர்களுக்குக் கண் தெரியவில்லை.

"ரோமாபுரிக்காரன் சண்டை போட்டதவிட ரோடு போட்டதுதான் ஜாஸ்தி" என்று அக்கா சொன்னதால், தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போகிற சேற்றுப் பாதையில் கல் சுமந்து பரப்பினோம். லயத்துப் பெண்கள் எங்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள்.

அந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் பக்கத்துக் காம்பராப் பையன் கேட்டான், அட்டை ராஜா செத்த பிறகு நமக்கு என்ன கிடைக்கும் என்று. அக்கா புத்தகத்தைப் புரட்டினாள். பட்டாளத்தான் இருபத்தைந்து வருஷம் வேலை செய்து முடித்தால், அவனுக்குக் காணி கொடுத்து அனுப்புவார்கள் என்று வாசித்தாள். விறகுக்கட்டோடு அந்தப் பக்கம் வந்த அம்மா நின்றுவிட்டாள்.

"நெசமாவா புள்ள? எழுதியே குடுப்பாங்களா?"

"ஆமாம்மா. வீடு கட்டிக்கலாம், பயிர் வச்சுக்கலாம். யாரும் எறங்குன்னு சொல்ல ஏலாது."

"நல்ல ராசாவாத்தான் இருந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு அம்மா விறகைச் சுமந்துகொண்டு போய்விட்டாள். அம்மா பதினேழு வயதில் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்தவள். அவளுடைய இருபத்தைந்து வருஷம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. எனக்கு அதைக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. தின்பதற்கு இன்னொரு ரொட்டி இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி மழையில் அம்மா மலையில் சறுக்கி விழுந்தாள். முதுகில் கொழுந்துச் சாக்கோடு விழுந்ததில் இடுப்பு பிசகிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி மலை ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா பாயில் படுத்தாள். ஐயோ, அதுவரைக்கும் பகலில் அம்மா படுத்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

சில நாள் கழித்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயா வந்தார். நல்ல மனிதர்தான். வாசலிலேயே நின்று, கையிலிருந்த குடையைத் திருகிக்கொண்டே பேசினார்.

"மேல ஆபீஸ்ல கேக்குறாங்கம்மா, இந்தக் காம்பராவுல யாரு பேரு நிக்கிதுன்னு. வேலைக்கு ஆளே இல்லாத காலமில்லையா? வீட்டுல ஒருத்தராவது பேர் பதியாட்டி காம்பராவ விடச் சொல்வாங்க. அடுத்த மாசம் வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

அம்மா படுத்தபடியே கும்பிட்டாள். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது வீட்டில் தர்க்கம். அப்பா தொலைபேசியில், நான் வந்து பதிகிறேன் என்றார். வந்தால் கடை வேலை போய்விடும். அம்மாவின் மருந்துக்கு அந்த வேலையை விட்டால் வேறு வழி இல்லை. அம்மா, "நான் தவழ்ந்தாவது மலைக்குப் போறேன், நீ படி" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினாள். கத்திவிட்டு எழுந்து உட்காரக்கூட முடியாமல் படுத்துக்கொண்டாள். எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் விளங்கவில்லை. நான்கு நாளாகப் பட்டாளம் கூடவில்லையே என்பதுதான் என் கவலை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இதற்கு நடுவில் பரீட்சை முடிவும் வந்தது. அக்கா எல்லாப் பாடமும் பாஸ், வரலாற்றுக்கு ஏ. லயமே கூடி வாழ்த்தியது. அம்மா படுக்கையிலிருந்தே என்னை அனுப்பி, வீடு வீடாகச் சீனி கொடுக்கச் சொன்னாள். வாங்கியவர்கள் எல்லோரும் "இனி ஒங்க அக்கா டீச்சர்தான்" என்றார்கள். நான் பாதிச் சீனியை வழியிலேயே தின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்கா பால்மா டின்னைத் தட்டினாள். தலைகால் புரியாமல் ஓடினேன், கொடியைக்கூட மறந்துவிட்டு மறுபடி வந்து எடுத்துக்கொண்டேன். லயத்துக்கு மேலே உள்ள பாறையில் எங்களை நிறுத்தினாள். யாரும் கையைக் கட்டவில்லை, எல்லோரும் நிமிர்ந்து நின்றோம். மூட்டம் விலகி எதிர்மலை முழுசாகத் தெரிந்தது.

"அட்டை ராஜா செத்துட்டான். நீங்க எல்லாரும் நல்லா வேல செஞ்சீங்க. இன்னையோட ஒங்க சர்வீஸ் முடிஞ்சுது" என்றாள். எப்போது செத்தான், யார் கொன்றது என்று பையன்கள் குறுக்கே கேட்டார்கள். அவள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தாள். முன்னே வந்தவனின் தோளைப் பிடித்துத் திருப்பி, எதிர்மலையில் ஓரிடத்தைக் காட்டினாள். அந்த மொட்டைப் பாறைக்கு இந்தப் பக்கம் உனக்கு. அந்த இரண்டு மரத்துக்கு நடுவில் உனக்கு. பக்கத்துக் காம்பராப் பையன், தண்ணீர் இல்லாத இடம் வேண்டாம் என்று அடம்பிடித்து ஓடைக்கரைக்கு மாற்றிக்கொண்டான். அரைப் பேர் கேட்ட பொடியனுக்கும் முழுசாக ஒரு சரிவு கிடைத்தது. எனக்கு வெயில் படுகிற சமதரை ஒன்று. வீடு கட்டவும், பின்னால் கிழங்கு போடவும் இடம் போதும் என்றாள்.

"ஒனக்கு எது அக்கா?"

"எனக்கு இப்ப கெடைக்காது பாப்பா. நான் நாளைக்குத்தானே சேரப் போறேன்."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, எதிர்மலையைத்தான் பார்த்தாள். எனக்குத் தலைகொள்ளாத பெருமை. நாங்கள் விளையாட்டுப் பட்டாளம். அக்கா நிஜப் பட்டாளத்திலேயே சேரப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு எங்கள் எல்லோரையும்விடப் பெரிய காணி கிடைக்கும், உச்சியிலேயே கிடைக்கும். இந்தச் செய்தியை அம்மாவுக்கு முதலில் சொல்வது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று பாறையிலிருந்து விழுந்தடித்து இறங்கினேன்.

அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"அம்மா, அம்மா! அக்கா நாளைக்குப் பட்டாளத்துல சேருதாம். இருபத்தஞ்சு வருஷத்துல அதுக்கும் காணி குடுப்பாங்க!"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. கஷ்டப்பட்டுத் திரும்பியதில் இடுப்பு வலி வந்துவிட்டது என்று நினைத்தேன். அலமாரியிலிருந்த தைலத்தை எடுத்து வந்து உள்ளங்கையில் ஊற்றி, அம்மாவின் இடுப்பில் தேய்த்தேன்.

"இங்கயாம்மா நோகுது? இங்கயா?"

"ஆமா சாமி, அங்கதான்" என்றாள் அம்மா. நான் கை ஓயும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன்.