பத்தில் ஒரு பங்கு பெரிய கியர்

ரிமோட் பொம்மை டிரக் பந்தயத்தில் ஜெயிப்பது பேட்டரிதான் என்று மனிதகுலம் நம்பிக்கொண்டிருக்கிறது. கனத்த மனத்துடன் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது: ஜெயிப்பது, மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் சின்னஞ்சிறு கியர். விருத்தாசலத்தில் அதை வரைந்து நைலானில் அச்சிட்டுக் கொடுப்பது என் தொழில். ஒருவர் பக்கம் சாய்ந்தவன் என்று பெயர் வந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான். அளவெடுத்துப் பிழைக்கும் அன்பர்களுக்கு என் நிலை புரியும்.

மௌனத்தின் பொருள்

வேல்முருகன் வேப்பூர் நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். சேத்தியாத்தோப்பு உரக்கடை ஆரோக்கியசாமியிடம் தொடர்ந்து மூன்று பந்தயம் தோற்றவர். வந்ததும் முதல் கேள்வி, "அவரு கியருக்கு எத்தினி பல்லு?" ஒருவர் கணக்கை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்றேன். நிதானமாகத் தலையாட்டினார்.

"சொல்ல மாட்டேங்கிறீங்கன்னா, அவருக்கு நல்லதா போட்டுக் குடுத்திருக்கீங்க."

மூடிய பெட்டி

ஆரோக்கியசாமி தன் கியர் பெட்டியை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டுக் கொண்டுவருவார். அளவுகளை அவரே வாசிப்பார்; நான் எழுதிக்கொள்ள வேண்டும். திறந்து பார்த்தால் இன்னும் பொருத்தமாக வரைவேனே என்றேன்.

"நீங்க நல்லவருதாங்க. அத அப்பிடியே வச்சிக்குவோமே."

கைப்பழக்கம்

இதற்கு முன் பீங்கான் பட்டறையில் அச்சு வரைந்தவன் நான். களிமண் சூளையில் சுருங்கும் என்பதால், அங்கே எதையும் பத்தில் ஒரு பங்கு பெரிதாகவே வரைவோம். வேல்முருகன் கேட்ட புதுக் கியரையும் கை அப்படியே வரைந்துவிட்டது. அறுவடை முடிந்த வயலில் வரும் ஞாயிற்றுக்கிழமை பந்தயம். கியரோ பெட்டிக்குள் நுழையவில்லை.

"ஆரோக்கியசாமி வந்துட்டுப் போனாரா?" என்றார் வேல்முருகன். சுருக்கக் கணக்கை விளக்கினேன். வேறு போட்டுத் தருவதாகவும் சொன்னேன். பழைய கியரே போதும் என்று எழுந்தார்.

"எந்த அடுப்புல வச்சா இது சுருங்கும்னு சொல்லுங்க, நம்ம கடையிலியே வச்சிக்கிறேன்."

ரகசியம்

பெரிய கியர் கதையை வேல்முருகன் சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். இரண்டாம் நாள் ஆரோக்கியசாமி வந்து, தனக்கும் அதே அளவு வேண்டுமென்றார். அது என் தவறு என்றேன். "அப்பிடிச் சொல்லச் சொன்னதே அவருதானே," என்றார். என் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

பெட்டியின் உட்புறத்தை அரத்தால் ராவி அதைத் திணித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் டிரக் புறப்படும் கோட்டிலேயே நின்றுவிட்டது. வேல்முருகன் பழைய கியரில் ஜெயித்தார். ஆரோக்கியசாமி வயலிலிருந்து நேராக என்னிடம் வந்தார்.

"அதே கியரு அவருக்கு ஓடுது, எனக்கு ஓடல. உள்ள வேற என்னமோ பண்ணியிருக்கீங்க."

மறுநாளிலிருந்து இதுவரை, அதே பெரிய அளவில் கியர் கேட்டு மூன்று பேர் வந்திருக்கிறார்கள்.