கிளிப்பச்சைப் பெட்டி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கத்தரிக்கோல் அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வெறும் கத்தரிக்கோல். பெயர் வைத்தவனுக்கு வாய்க்கொழுப்புதான், ஆனாலும் பொருத்தமாக வைத்திருக்கிறான். நாங்களெல்லாம் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவோம், அக்கா வெட்டுவார். நாலு பேர் நாலு இடத்தில் எழுதி வைத்த ஒரே வேலையை ஒன்றாக்கிவிட்டு, மீதி மூன்றையும் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார். வெட்டிய இடம் தெரியாது. எதுவும் நின்றுபோகாது.

நாங்கள் செய்வது பார்சல் கம்பெனிகளுக்கான மென்பொருள். அதில் ‘பார்சல்’ என்று ஒரு தாய் வகை உண்டு. அதன் கீழே ‘உடையும் பார்சல்’, ‘கெடும் பார்சல்’ என்று பிள்ளை வகைகள். தாய்க்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளை தனக்கு வேண்டியதை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்ளும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் ஆளாளுக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே போனால் அந்தக் குடும்பம் உருப்படுமா? உருப்படும்படி பார்த்துக்கொண்டவர் அக்கா. பேர் வராத வேலை என்பதால் எங்களில் யாரும் போட்டிக்குப் போகவில்லை.

போன வருஷம் கம்பெனி ஒரு கருவி வாங்கியது. அது நிரல் முழுவதையும் படித்து, ஒவ்வொரு வகையையும் ஒரு பெட்டியாக வரைந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் கோடு இழுத்துத் திரையில் காட்டும். பெட்டியைத் தொட்டால் கீழே உள்ளவை விரியும், இன்னொரு முறை தொட்டால் மடங்கும். நாங்கள் அதை ‘மரம்’ என்றே கூப்பிட்டோம். உள்ளதைச் சொன்னால் நல்ல கருவி. அதில் இருந்த ஒரு சின்ன வசதிதான் குடியைக் கெடுத்தது. பெட்டியை யார் உருவாக்கினார்களோ, அவருக்கென்று கொடுத்த நிறத்தில் அது தெரியும்.

குரூப் போட்டோவில் தன் முகத்தைத் தேடுவதுபோல எல்லோரும் முதல் நாள் தங்கள் நிறத்தைத் தேடினோம். நான் ஆரஞ்சு, கணிசமாகவே இருந்தேன். அக்காவுக்குக் கிளிப்பச்சை. மேலிருந்து கீழே வரைக்கும் விரித்துப் பார்த்தார்.

“என்னைக் காணோமே” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “ஒவ்வொரு டீம்லயும் ஒருத்தரைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. புதன்கிழமை டைரக்டர் மேடம் வந்து மரத்தைப் பார்த்து முடிவு பண்ணுவாங்க.”

“அக்கா பண்றது மரத்துல தெரியாதே சார்.”

“அதாம்மா என் தலைவலியும். அழிச்சதை நான் எங்கேன்னு காட்டுவேன்?”

“பழைய பதிவு இருக்குமே.”

“நிரலைப் புது சர்வருக்கு மாத்துனப்ப எழுதினவங்க பேர் மட்டும்தான் வந்துச்சு, அழிச்ச கணக்கு வரல. நானும் தேடிட்டேன்.”

கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடுகிறது. கணவர் எலக்ட்ரீஷியன்; ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். அறுந்த ஒயர், மூடி இல்லாத டப்பா, எதற்கோ ஆன திருகு எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, என்றைக்காவது ஆகும் என்பார். ஆபீசையே வெட்டித் தள்ளுகிற அக்கா அங்கே மட்டும் கை வைக்கமாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“இனிமே ஏணி ஏற முடியாதுன்னு அவருக்கே தெரியும். அதை நான் வேற எடுத்துப் போட்டுச் சொல்லணுமா?” என்றார்.

அதனால்தான் திங்கட்கிழமை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் என் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேனேஜர் சொன்னதையெல்லாம் சொல்லி நச்சரித்தேன்.

“ஒரே ஒரு பெட்டி போடுங்கக்கா. உங்க நிறம் மரத்துல தெரியணும், அவ்வளவுதான். புதன் முடிஞ்சதும் எடுத்துடலாம்.”

“எதுக்குன்னு போடறது?”

“எதுக்காவது.”

வேண்டாவெறுப்பாக ‘நனையக்கூடாத பார்சல்’ என்று ஒன்று போட்டார். மரத்தின் வலது ஓரத்தில் கிளிப்பச்சையாக ஒரு பெட்டி முளைத்தது. எனக்குப் பாதி உயிர் வந்தது. அக்கா மட்டும் பல்லில் நார் சிக்கியதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை டைரக்டர் மேடம் வந்தார். எங்களுக்கு முன்னால் வேறு டீம்களின் மரங்களைப் பார்த்துக் களைத்திருந்தார். எங்கள் மரத்தைச் சுவரில் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மத்ததெல்லாம் நகர்த்த நகர்த்தப் போயிக்கிட்டே இருக்கு. உங்களுது மட்டும் ஒரே திரையில அடங்கிடுச்சே. யார் பார்த்துக்கறாங்க?”

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நான் முந்திக்கொண்டேன். “அக்காதான் மேடம்.”

“அப்படியா? அவங்க நிறம் எது?”

“கிளிப்பச்சை. வலது ஓரத்துல இருக்கும் பாருங்க.”

மேனேஜர் வலது ஓரத்தை விரித்தார். என் ஆரஞ்சு இருந்தது, வேறு யாருடைய நீலமோ இருந்தது. மடக்கிவிட்டு இன்னொரு முறை விரித்தார். அக்கா மடியில் கை வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“காணோமேம்மா” என்றார் மேடம், கனிவாகத்தான். “வெட்டறதுதான் மேடம் அவங்க வேலை” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பார்வை அடுத்த டீமின் தாளுக்குப் போய்விட்டது.

வெளியே வந்ததும் அக்காவைத் தண்ணீர் மெஷின் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். “எங்கக்கா அது?”

“நேத்து சாயங்காலம் எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“‘கெடும் பார்சல்’லயே அது எல்லாம் இருக்கு. ஒரே வேலை ரெண்டு இடத்துல இருந்தா, நாளைக்கு யாராவது ஒண்ணைத் திருத்திட்டு இன்னொண்ணை விட்டுடுவாங்க. பார்சல் நனைஞ்சு போய் நிக்கும்.”

“வேலை போயிடும்னு சொன்னேனே.”

“தெரியும். கிளம்பறதுக்குப் பையைக்கூட மாட்டிட்டேன். அப்புறம் கை கேக்கல.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வீட்டுல அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல” என்றார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அவரை ஓங்கி அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. இரண்டும் செய்யாமல் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

மாதக் கடைசியில் அக்கா போய்விட்டார். மேசையைக் காலி செய்ய அவருக்கு ஒரு பைகூட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை மரத்தைத் திறந்து பார்த்தேன். எப்போதும்போல ஒரே திரையில் அடங்கி நின்றது. ஒரு நிறமும் குறையவில்லை.