திரேசம்மா விசாரித்த அமெரிக்கச் சம்பந்தம்

மொன்றியலில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் வீட்டில் கலியாணப் பேச்சு எழுந்தால், முதலில் மணி அடிப்பது செயின்ட்-மிஷேலில் இருக்கும் திரேசம்மாவின் தொலைபேசிதான். டோர்வல் விமான நிலையச் சமையற்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது அவளுக்கு வேலை. ஆனால் பெயர் வாங்கியது விசாரிப்பில். ஊர் இளவாலையோ மன்னாரோ, மூன்று அழைப்புப் போதும், மாப்பிள்ளையின் பூட்டன் யாரோடு கோபம் என்பதுவரை எடுத்துவிடுவாள். கேட்டது எதையும் ஒளிக்கவும் மாட்டாள். அதனால் எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்! போகட்டுமே என்றிருந்தாள்.

அப்படிப்பட்டவளின் சொந்த மகள் றொஷினி, 2006ஆம் ஆண்டு, தன்னோடு படித்த கிறிஸ்தோப்பர் என்ற அமெரிக்கப் பெடியனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். பெடியனைத் திரேசம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. புட்டை மூன்றாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிள்ளை, பிடிக்காமல் என்ன செய்யும்? கணவர் அருமைராசாதான் மகளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

"ஆர் எவரெண்டு தெரியாத இடத்திலை பிள்ளையைக் குடுக்கேலாது. ஊருக்கெல்லாம் விசாரிக்கிறீர், இவனையும் விசாரிச்சுக் காட்டும் பாப்பம். நல்ல பகுதியெண்டால் நான் ஓமெண்டுறன்."

நடக்காது என்ற தைரியத்தில் சொன்னார். திரேசம்மாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

கிறிஸ்தோப்பரைக் கேட்டால், தன் பூட்டனின் தாய் அபிகேல் மாட்டு வண்டியில் நெப்ராஸ்காவுக்கு வந்தவள் என்பதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இதென்ன பிள்ளை, சொந்தப் பரம்பரையே தெரியாமல்! தன் ஊர் நூலகத்தில் பழைய கடதாசிகளைப் பார்க்கிற ஒரு பெண் இருக்கிறாள் என்றான். "அடி பிள்ளை போனை," என்றாள் திரேசம்மா மகளிடம். றொஷினி மொழிபெயர்க்க, அந்தப் பெண் ஒரு கேள்விக்கு ஒரு மணித்தியாலம் பதில் சொன்னாள். "உவ எங்கட ஆளடி!" என்று திரேசம்மா துள்ளினாள்.

அபிகேல் ஒஹாயோவில் இருந்து 1867இல் புறப்பட்டவள். வழியிலேயே புருசன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். திரும்பிப் போ என்றார்கள் கூட வந்தவர்கள். அவளோ இரண்டு குழந்தைகளை வண்டியில் ஏற்றி, எருதுகளைத் தானே ஓட்டினாள். மரமில்லாத அந்த வெளியில் புல்லோடு மண்ணை வெட்டியடுக்கி வீடு கட்டினாள். சுற்றுவட்டாரத்தில் அவள் பிரசவம் பார்க்காமல் பிறந்த பிள்ளை இல்லையாம். எழுபது வயதில், பேரனின் கலியாணத்தில் சப்பாத்து கிழியும்வரை ஆடினாளாம்!

"சிங்கமடி அவள்!" என்றாள் திரேசம்மா.

கடைசியில் அந்தப் பெண் ஒன்று சொன்னாள். தகப்பன் வேண்டாமென்றவனைத்தான் அபிகேல் கட்டினாள். நெப்ராஸ்காவில் இருந்து தகப்பனுக்குப் பதினொரு கடிதம் எழுதினாள். பதினொன்றும் உடைக்காமலே திரும்பி வந்து, இப்போதும் நூலகத்துப் பெட்டியில் கிடக்கின்றன.

றொஷினி கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ப்ளீஸ், உதை மட்டும் அப்பாட்டைச் சொல்லாதேங்கோ. தேப்பன்ரை சொல்லுக் கேளாத பரம்பரை எண்டு பேச்சை முடிச்சுப்போடுவார்."

மகளின் வாழ்க்கையல்லவா! ஒளிக்கலாமா என்று திரேசம்மா வாழ்நாளில் முதல் தடவையாக யோசித்தாள். ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அருமைராசாவுக்கு முன்னால் இருந்து, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

சிங்கக் கதை முழுக்க அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தில் தலை நின்றது.

"ஒண்டையும் உடைக்கேல்லையோ?"

"ஒண்டையும் இல்லையாம்."

"பேரப்பிள்ளையளை?"

"காணாமலே செத்தவராம்."

"விசர் பிடிச்ச மனிசன்," என்றார் அருமைராசா. "விசர் மனிசன்!"

எழுந்து போய், இவ்வளவு நாளும் பேசாதிருந்த மகளின் அறைக் கதவைத் தட்டினார். "பிள்ளை, கிறிஸ்தோப்பரை அடுத்த ஞாயிறு சாப்பிட வரச்சொல்லு. தாய் தேப்பனும் எப்ப வருவினமெண்டு கேள்."

கதவு திறந்த வேகத்தில் அருமைராசா விழப்பார்த்தார். றொஷினி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை.