மகளுக்குத் தேய்த்த தைலம்

கம்பெனிகள் நிறைந்த வல்லம் வடகால் என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது என் மகளுக்கு ஐந்து வயது. அந்த வருடம்தான் அவளுக்கு வலிப்பு தொடங்கியது. சென்னையில் டாக்டரிடம் காட்டினோம். காலையும் இரவும் மருந்து கொடுத்து வந்தோம். இருந்தும் மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடும்.

வீட்டுக்கார அக்காதான் தைலம் செய்து தந்தார். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி, கற்பூரத்தைப் பொடித்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு பாட்டிலைக் கொடுத்தார்.

"மாத்திரைய நிறுத்தாத. இத்த உச்சியில, நெஞ்சுல தேய். வர்ற மாதிரி இருந்தா துணியில நனைச்சி மூக்குல காட்டு. ஒண்ணும் ஆவாது" என்றார்.

என் மனைவிக்கு இரண்டாவது ஷிப்ட். அதனால் சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து வந்ததும் தேய்ப்பது என் வேலையானது. மகளுக்கும் அது பிடித்திருந்தது. கழுத்தில் தேய்த்தால் கூசுகிறது என்று சிரிப்பாள்.

அந்த மாதம் வலிப்பு நான்கு முறை வந்தது. அடுத்த மாதம் எத்தனை என்று எண்ணவே பயமாக இருந்தது. எல்லாம் சாயங்காலத்தில். நோய் முற்றுகிறது என்று நினைத்து, நான் இன்னும் அதிகமாகத் தேய்த்தேன். கை கால் இழுக்கும்போது துணியை மூக்கருகே பிடித்தேன்.

மருந்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம் என்றுதான் சென்னைக்குப் போனோம். டாக்டரம்மா மகளைப் பக்கத்தில் இழுத்து, தலையை முகர்ந்து பார்த்தார். என்ன தேய்க்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றையும் விடாமல் சொன்னேன். கவனமாகப் பார்த்துக்கொள்ளும் அப்பா என்று நினைக்கட்டும் என்ற ஆசை கூட இருந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கற்பூரம் தோல் வழியாவும் மூச்சு வழியாவும் உள்ள போகும். அதுவே வலிப்பை வரவைக்கும். இன்னையோட நிறுத்திடுங்க."

அதற்கு மேல் அவர் சொன்னதையெல்லாம் மனைவிதான் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் மகள் என் மடியில் ஏற வந்தபோது, அவளைத் தொட எனக்குக் கை வரவில்லை.

நிறுத்தினோம். மருந்தைக் கூட்டாமலே வலிப்பு குறைந்தது. பிறகு பல மாதங்கள் வரவேயில்லை.

சென்னையிலிருந்து வந்தபின் வீட்டுக்கார அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. கோபமாகத்தான் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், நான் சொல்லி முடிக்கும்வரை முறத்தை மடியிலேயே வைத்திருந்தார்.

"என் பையனுக்கு சின்னதுலருந்து இதானேப்பா தேச்சிகினு வரேன்" என்றார்.

அவருடைய மகனுக்கும் வலிப்பு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். வயது இருபத்தைந்து. மெஷின் வேலைக்கு ஆகாது என்று எந்தக் கம்பெனியிலும் சேர்க்காததால் வீட்டிலேயே இருந்தான்.

கோபம் போன இடம் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் அக்கா என்று மட்டும் சொன்னேன். அடுத்த தடவை சென்னைக்கு நாங்கள் ஐந்து பேராகப் போனோம்.