இட்லி சுழன்று வர வேண்டும்

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரைப் போர்த்திய துணியை நான்காக மடித்து வைத்து, கீபோர்டின் மேல் படிந்த தூசியை ஒருமுறை ஊதிய பிறகுதான் மதுரைவீரன் சார் பாடத்துக்கு வருவார். ரெட்டிபாளையம் பக்கத்து நடுநிலைப்பள்ளிக்காக மூன்று வருடம் மனு எழுதி, 2006-இல் அவர் வாங்கி வந்த கம்ப்யூட்டர் அது.

பவர்பாயிண்டில் ஐந்து நாள் பயிற்சி பெற்றவர் என்பதால் அவரிடம் எதுவும் சும்மா வராது. அசோகர் கல்வெட்டு மூலையிலிருந்து சுழன்று வரும். பின்னக் கணக்கு கைதட்டலோடு வந்து விழும். "எழுத்து நடந்து வந்தா பயலுவ தூங்கிருவானுங்க. பறந்து வரணும்" என்பது அவருடைய கல்விக் கொள்கை.

கொள்கைக்கு ஒரே எதிரி மின்சாரம். அது போனாலும் அவர் நிறுத்துவதில்லை. உயிரற்ற மவுஸைப் பிடித்தபடி "அடுத்தது!" என்பார், பிள்ளைகள் எழுந்து மிச்சப் படத்தை நடித்தே ஓட்டுவார்கள்.

அன்று வந்த கல்வி அதிகாரி அய்யாக்கண்ணு உட்காரும்போதே சொல்லிவிட்டார்: "சும்மா மூடி வச்சிருக்கீங்கன்னு புகாருங்க. ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா சாயங்காலமே கம்ப்யூட்டர வேற ஸ்கூலுக்கு ஏத்திருவேன்."

சார் சீரண மண்டலத்தைத் திறந்தார். உணவு வாய்க்குள் நுழையும் முன் கரண்ட் போய்விட்டது.

"அடுத்தது" என்றார்.

ஏழாம் வகுப்பு சாகிரா இட்லியாக எழுந்து நேராக நடந்தாள்.

"ஏய் இட்லி! சுத்திக்கிட்டு வா!"

சுழன்றாள். இரண்டு பேர் பல்லாகி அரைத்தார்கள். இரைப்பையில் நால்வர் அமிலமாகிக் கிச்சுக்கிச்சு மூட்டினார்கள். பதினோரு பேர் வளைந்து வளைந்து சிறுகுடலாக நின்றார்கள்.

"சார், இட்லி என்னைய வுட்டுட்டுக் குறுக்க போவுது சார்!" என்று குடலின் நடுவிலிருந்து மணிமொழி முறையிட்டாள்.

"குறுக்க போனா சத்து எப்புடிம்மா ஒட்டும்? திரும்பிப் போ!"

சொன்னவர் அதிகாரி. நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

இட்லி திரும்பி முதல் வளைவில் நுழைந்தபோது மேலே மின்விசிறி அசைந்தது. மூலையில் கம்ப்யூட்டர் 'பீப்' என்று கண் விழித்தது. அதிகாரி கவனிக்கவில்லை. மதுரைவீரன் சார் பிள்ளைகள் மேலிருந்து பார்வையை எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டி, சுவரைத் தடவி, மெயின் சுவிட்சை அணைத்தார்.