மைக் மேடம் மன்னிப்புக் கேட்ட கதை

பாலிடெக்னிக்கில் நில அளவை சொல்லிக்கொடுக்கும் அந்த மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் மைக் மேடம். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. சிறுவயதில் அவர் வளர்ந்த வீடு மரம் அறுக்கும் ஆலைக்கு அடுத்த வீடு. அங்கே தண்ணீர் கேட்பதென்றாலும் அடிவயிற்றிலிருந்துதான் கேட்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருடம் கழித்தும் அந்தத் தொண்டை இறங்கவில்லை. கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மேடம் போன் பேசினால் கடையில் இருக்கும் வாடிக்கையாளருக்கும் வீட்டு விஷயம் எல்லாம் தெரிந்துவிடும்.

ஆனால் நில அளவைக்கு இந்தக் குரல் சும்மா கிடைத்த சொத்து. மைதானத்தின் இந்த முனையில் முக்காலி மேல் தரையின் மேடுபள்ளம் அளக்கும் லெவல் கருவி, அதில் கண்ணை வைத்தபடி ஒரு மாணவர், பக்கத்தில் குறிப்பேட்டுடன் இன்னொருவர். அறுபது மீட்டர் தள்ளி, ஸ்டாஃப் என்கிற நாலு மீட்டர் உயர அளவுக்கட்டையை நெட்டுக்குத்தாகப் பிடித்தபடி மூன்றாமவர். கட்டை ஒரு விரல் சாய்ந்தாலும் அளவு தப்பு. மற்ற ஆசிரியர்கள் விசில் ஊதுவார்கள், கையை ஆட்டுவார்கள். மைக் மேடத்துக்கு அதெல்லாம் தேவைப்பட்டதே இல்லை.

அந்த வருடம் இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் மாணவி துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். முதல் வருடம் முழுக்க அவளை ஆண் என்று நினைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இனி தன்னைப் பெண்ணாகவே பார்க்க வேண்டும், பேசும்போது 'அவள்' என்றே சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாள். வருகைப் பட்டியலில் பெயர் மாறியது. துறைத் தலைவர் ஆசிரியர்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார்.

"இதுல என்ன சார் கஷ்டம்? சொல்லிட்டாப் போச்சு," என்றார் மைக் மேடம்.

வகுப்பறையில் கஷ்டம் இருக்கவும் இல்லை. கையில் பட்டியல், எதிரே முகம், நிதானமாகப் பேச நேரம். ஒரு மாதம் ஒரு சறுக்கல் இல்லை. மேடத்துக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. அங்கேதான் வினை வந்தது.

ஒரு புதன்கிழமை காலை மைதானத்தில் அந்த வருடத்தின் முதல் செய்முறை வகுப்பு. அந்த முனையில் சுருட்டை கட்டையைப் பிடித்திருந்தாள். காற்று அடித்தது, கட்டை சாய்ந்தது. மேடம் யோசிக்கவில்லை, வாய்தான் யோசித்தது. கருவியருகே நின்ற மாணவரைப் பார்த்துக் கத்தினார்.

"அவனை ஒரு அடி இடது பக்கம் நகரச் சொல்லு! அவன் பிடிச்சிருக்கிற ஸ்டாஃப் சாயுது பாரு! அவன் எங்க பாக்கிறான்?"

ஒன்றல்ல, மூன்று தடவை. ஓரத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "அவனை நகரச் சொல்லு!" என்று அதே ராகத்தில் கத்த, மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சுருட்டை கட்டையை மடக்கினாள், கருவிப் பெட்டியில் ஒழுங்காக வைத்தாள், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

அப்போதுதான் மேடத்துக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அடுத்த மணி வகுப்பில் சுருட்டை வந்து உட்கார்ந்ததும், நாற்பத்திரண்டு பேர் முன்னால் மேடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். ஆரம்பித்தாரே தவிர முடிக்கவில்லை. தன் நாக்கைத் திட்டினார், மர ஆலையைத் திட்டினார், தான் எவ்வளவு நல்ல மனசுக்காரி என்பதற்கு நாலைந்து சாட்சிகள் சொன்னார், நடுவில் குரல் உடைந்து அழுகையும் வந்துவிட்டது. கடைசியில் சுருட்டைதான் எழுந்து வந்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்து, "பரவால்ல மேடம், அழாதீங்க மேடம்," என்று தேற்ற வேண்டியதாயிற்று.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார் மேடம். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிப்புக் கேட்டியா, மாநாடு நடத்துனியா?"

"ஏங்க, நான் மனசு நொந்து பேசினேங்க!"

"நொந்தது யாரு? கடைசியில தண்ணி குடிச்சது யாரு?"

மேடம் குடிக்க எடுத்த தண்ணீர்ச் செம்பை அப்படியே கீழே வைத்தார். 

நாலாம் நாள் அலுவலகக் குமாஸ்தா மெதுவாக வந்து காதில் போட்டார்: சுருட்டை படிப்பை நிறுத்துவதற்கான விண்ணப்பம் வாங்கிப் போகிறாள். வகுப்பிலேயே கெட்டிக்காரியாக அளவு எடுக்கிற பிள்ளை. மேடம் மூச்சிரைக்க ஓடி பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பிடித்தார். என்ன பேசலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவர், நேரில் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "நீ சொல்லும்மா, நான் கேக்கிறேன்," என்றார்.

சுருட்டை எப்போதும் கிசுகிசுப்பது போலத்தான் பேசுவாள்.

"மேடம், நீங்க தப்பா சொன்னது அரை நிமிஷம். மன்னிப்புக் கேட்டது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் மொத்த கிளாஸும் என்னையத்தான் பாத்துச்சு."

மேடம் 'ஐயோ' என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"குறிப்பேட்டுல அளவு தப்பா எழுதிட்டா ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாதுன்னு சொல்வீங்கல்ல? தப்பு மேல ஒரு கோடு, பக்கத்துல சரியானது, அடுத்த அளவுக்குப் போன்னு. எனக்கும் அவ்வளவு பண்ணாப் போதும் மேடம். நீங்க தப்பே பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லலையே."

"மைதானத்துக்கு வருவியாம்மா?"

"அங்க எனக்குப் பயமா இருக்கு. நான் வாயத் திறந்து கத்தினா, என் குரலுக்கே சிரிப்பாங்க. அதான் கையக் காட்டியே ஒப்பேத்துறேன்." விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "செய்முறைத் தேர்வு வரைக்கும் வந்து பாக்கிறேன் மேடம். அப்புறம் முடிவு பண்றேன்."

தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. மேடம் தினமும் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நின்று பழகினார். "அவளை இடது பக்கம் நகரச் சொல்லு!" முதல் நாள், கீழே துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா வெலவெலத்துப் போய் ஓரடி இடது பக்கம் நகர்ந்தார். "இன்னும் நகரணுமாங்க?" என்று வேறு கேட்டார். கணவருக்கு அன்று கடை திறக்கும் வரை சிரிப்பு அடங்கவில்லை.

வாய் ஒரே நாளில் திருந்துமா என்ன? மைதானத்தில் மேடம் இன்னும் இரண்டு முறை சறுக்கினார். "அவன், அவள் கொஞ்சம் பின்னாடி போகட்டும்!" என்று மூச்சு விடாமல் திருத்திவிட்டு அடுத்த அளவுக்குப் போனார். உள்ளுக்குள் மாநாடு நடத்த ஆசை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். மறுபடி கேலி செய்த பந்துக்காரனிடம் நேராகப் போய், "பந்து அங்க இருக்கு, அதப் பாரு," என்று சொல்லிவிட்டு வந்தார். சுருட்டையும் தவறாமல் வந்தாள், கையைக் காட்டினாள், கட்டையைப் பிடித்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. விண்ணப்பம் இன்னும் அவள் பையில்தான் இருந்தது.

தேர்வு நாளன்று வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளர் வந்தார். தொப்பி போட்ட சாதுவான மனிதர். சுருட்டையின் குழு கருவியை நிறுத்தியது. அவள் கட்டையுடன் அறுபது மீட்டருக்கு அப்பால் போய் நின்றாள். தேர்வாளர் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, மனசார மெச்சினார்.

"பையன் நல்லாப் பிடிச்சிருக்கான் மேடம். ஆடாம நிக்கிறான்."

"பிடிச்சிருக்கா சார். அவள்," என்றார் மேடம், சாதாரணமாக. அவருடைய சாதாரணக் குரலே மைதானத்தின் அந்த முனை வரை கேட்கும்.

தேர்வாளருக்கு முகம் சிவந்துவிட்டது. பேனாவை மூடினார், தொப்பியைக் கழற்றினார். "ஐயையோ, மன்னிக்கணும் மேடம். நான் வேணும்னு சொல்லல. எங்க காலேஜ்லயும் இப்படி ஒரு பிள்ளை படிக்குது, நான் ரொம்ப மரியாதையா நடத்துவேன். எனக்கே ரெண்டு பொண்ணுங்க. அந்தப் பிள்ளைகிட்ட நானே போய்…"

மேடம் திகைத்து நின்றார். தன்னையே தொப்பி போட்டுப் பார்ப்பது போல இருந்தது. எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் வாயைத் திறந்தார். அதற்குள் மைதானத்தின் அந்த முனையிலிருந்து ஒரு குரல் கிளம்பி வந்தது. கனமான, அகலமான குரல், சுருட்டையின் குரல்.

"சார்! அப்புறமா வருத்தப்படலாம்! கை வலிக்குது, ரீடிங்க எடுங்க!"

பந்து விளையாடியவர்கள் நின்றுவிட்டார்கள். யாரோ ஒருவன் சிரித்தான். சுருட்டை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேர்வாளர் தொப்பியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு கருவியில் குனிந்தார். கருவியருகே நின்ற இரண்டு மாணவர்களும் சிரிப்பை அடக்க முடியாமல் குறிப்பேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு கத்தினார்.

"அளவு எடுத்தாச்சு! அடுத்த இடத்துக்கு வாம்மா!"

பதிலுக்கு அவள் கையைத் தூக்கிக் காட்டியிருந்தாலே போதும். சுருட்டை கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"வர்றேன் மேடம்!"